குக்கர் பாடுன ஊர்ல ஒரு பென்சில் கோடு

கூனிப்பாறையில குக்கருங்க பாட ஆரம்பிச்சது தை மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழமை, பகல் பதினொண்ணே முக்காலுக்கு, மொதல்ல பாடுனது நாலாவது வார்டு கவுன்சிலர் வீரசின்னம்மா அத்தை வீட்டு அஞ்சு லிட்டர் குக்கர், அடுத்து பக்கத்து வீட்டுது, அப்புறம் எதுத்த வீட்டுது, அப்பிடியே தெருத் தெருவாப் பரவி பன்னெண்டேகாலுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருக்குற பரோட்டாக் கடை குருமா குக்கர் வரைக்கும் வந்துருச்சு, ஊருக்குள்ள ஒரு குக்கர்கூட உஸ்ஸுன்னு சொல்லலை, எல்லாம் அஞ்சு சுரம் பாடுச்சு, நாலு சுரம் படியேறுற மாதிரி ஏறி, கடைசி ஒண்ணு மட்டும் சறுக்கி எறங்குற மாதிரி. அத்தை அடுப்பை அணைச்சாங்க, ஆவி அடங்குனதும் மூடியைத் தெறந்து பருப்பை விரலால அமுக்கிப் பாத்தாங்க, "வெந்திருக்கு"ன்னு சொல்லிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போயிட்டாங்க.

நான்தான் போட்டது போட்டபடி நின்னுட்டேன். நான் அப்போ கெழக்கு மலை அடிவாரத்துல வலைக்கம்பு நட்டுக்கிட்டு இருந்தேன், கீழ ஊர்லருந்து அந்தப் பாட்டு மொத்தமா ஏறி வருது, ரெண்டாயிரம் வீட்டுச் சமையக்கட்டுலருந்து ஒண்ணா வருது, அது யாரு பாட்டுன்னு ஊர்ல வேற யாருக்கும் தெரியாது, எனக்கு நல்லாத் தெரியும், அது மேக்கு மலைச் சீட்டிக்குருவியோட பாட்டு.

விஷயம் என்னன்னா, கூனிப்பாறை ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு இடுக்குல கெடக்குற ஊரு. மேக்கயும் மலை, கெழக்கயும் மலை, ரெண்டு மலை உச்சியிலயும் சோலைக்காடு, அந்தச் சோலைக்குள்ள மட்டும் இருக்குறது சீட்டிக்குருவி, முதுகு நீலம், வயிறு துருப்பிடிச்ச தகரம் மாதிரி, எடை இருபத்திரண்டு கிராம். நெழல் இல்லாத எடத்துல அது பறக்காது. வெயிலடிக்குற ஒரு சோளக்காட்டைத் தாண்டச் சொன்னா தாண்டாது, அந்தப் பக்கம் சொந்தக்காரன் இருந்தாலும் தாண்டாது. அதனால மேக்கு மலைக் குருவிக்கு ஒரு பாட்டு, அஞ்சு சுரம், கெழக்கு மலைக் குருவிக்கு வேற பாட்டு, மூணு சுரம், கடைசி சுரம் மேல ஏறும். குஞ்சுங்க சின்ன வயசுல எந்தப் பாட்டைக் கேக்குதோ அதைத்தான் படிக்கும், படிக்காத பாட்டை வேற யாராவது பாடுனா அது தன் இனம்னே நெனைக்காது, திரும்பிக்கூடப் பாக்காது.

நான் யாருன்னா, கயலு, இந்த ஊர்ப் பொண்ணுதான், விலங்கியல் படிச்சுட்டு ரெஜினா மேடத்தோட ஆராய்ச்சியில உதவியாளரா இருக்கேன். மேடம் மதுரையில, நான் மலையில. மூணு வருஷமா நான் குருவியைப் புடிச்சு, கால்ல நம்பர் போட்ட அலுமினிய வளையம் மாட்டி, ரெக்கைக்கு அடியில நரம்புல ஊசியால ஒரு குத்து குத்தி, ஒரே ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்துல ஒத்தி மேடத்துக்கு அனுப்புவேன், மேடம் அந்தச் சொட்டுலருந்து மரபணுவைப் பிரிச்சு யாரு யாருக்குப் பொறந்ததுன்னு பாப்பாங்க. மூணு வருஷத்து முடிவு நாப்பது பக்கம். மேக்கு மலையில அறுநூறு குருவி, ரத்தம் பல விதம், ஆரோக்கியம். கெழக்கு மலையில நாப்பத்தொண்ணு, அம்புட்டும் ஒரே அச்சு, பத்து முட்டை வச்சா ஆறு பொரிக்கலை. மேக்கருந்து புது ரத்தம் வரலைன்னா பதினஞ்சு வருஷத்துல கெழக்கு மலையில பாடுறதுக்கு ஆளில்லை.

இதை நான் டீக்கடையில நிப்பாட்டி நிப்பாட்டி அரை மணி நேரம் வெளக்குனேன். கல்யாணத் தரகர் ஒச்சப்பண்ணே வடையைப் பிச்சுக்கிட்டே கேட்டுட்டு, "கெழக்க பூராம் பங்காளியாப் போச்சு, பொண்ணு எடுக்க வீடில்லை. அம்புட்டுத்தான? இதுக்கா மூணு வருஷம் ரத்தம் எடுத்த?"ன்னாரு.

வழி ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. பழைய வாய்க்கா ஓரமா மேக்கு அடிவாரத்துலருந்து ஊரை ஊடறுத்துக் கெழக்கு அடிவாரம் வரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு நாவமரம் வரிசையா நிக்குது, நெழலு விட்டுப் போகாம, ஆனா அந்தப் பக்கம் தன் பாட்டு கேக்காததால மேக்குக் குருவி அது வழியா வந்ததே இல்லை. அந்தச் சமயத்துலதான் அரசாங்கம் ஒரு குழு போட்டு, எந்தெந்தக் காட்டை எந்தெந்தக் காட்டோட சேத்து வைக்கணும்னு வரைபடம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்த வரைபடத்துல நாவமர வரிசை மேல ஒரு பச்சைக்கோடு விழுந்தா மரம் தப்பிக்கும், விழலைன்னா அதே எடத்துல நாலுவழிப் புறவழிச்சாலை வரும். நாங்க எழுதிப் போட்டோம். பதில் வந்துச்சு. 'இரண்டு மலைகளுக்கும் இடையில் பறவைகள் கடப்பதில்லை என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது, கடக்காத பறவைக்குப் பாதை எதற்கு?' நான் அந்தக் கடுதாசியைப் படிச்சுட்டு, மடிச்சு, திரும்பப் பிரிச்சுப் படிச்சுட்டு, வாய்க்காப் பாலத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். கடக்கலைன்னுதான் சாமி பாதை கேக்குறோம். நடக்க முடியாதவனுக்கு ஊன்றுகோல் எதுக்குன்னு கேக்குறாங்க.

அதுக்கு மறுவாரம்தான் குக்கர் பாடுனது.

ஊரு அதை எப்பிடி எடுத்துக்கிச்சுன்னா, ரெண்டு நாள் பேசுனாங்க, மூணாவது நாள் பழகிட்டாங்க. விசில்னு சொல்றதை விட்டுட்டு பாட்டுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, "பருப்புக்கு மூணு பாட்டு, கறிக்கு எட்டு, கொண்டக்கடலைக்கு எண்ணாத, நீயா பாத்து எறக்கு" அப்பிடின்னு மாமியாருங்க மருமகளுக்குப் போன்ல சொல்லிக்கிட்டு இருந்தாங்க, கைக்கொழந்தைங்க பன்னெண்டு மணிப் பாட்டுக்கு அசந்து தூங்குச்சுங்க, பள்ளிக்கூடத்துல பசங்க பாட்டு கேட்டதும் தட்டைத் தூக்கிட்டு நின்னுச்சுங்க, மதுரையில வாங்குன புது குக்கரு பஸ்ஸுல வர்ற வரைக்கும் சாதாரணமா இருந்து ஊருக்குள்ள அடுப்புல ஏறுனதும் பாடுச்சு, ஆனா பாடுதுன்னு யாரும் குக்கர் வாங்காம இல்லை. ஒரே ஆளுக்குத்தான் வேலை கூடிப் போச்சு, குக்கர் ரிப்பேர் ஜபருல்லா பாய்க்கு. மொத வாரம் அவரு கடை வாசல்ல மூடியும் கையுமா எழுவது பேரு நின்னாங்க, பாய் கேஸ்கட் மாத்திப் பாத்தாரு, வெயிட்டு மாத்திப் பாத்தாரு, மூடியே வேற போட்டுப் பாத்தாரு, எதைப் போட்டாலும் அதே அஞ்சு சுரம், கடைசியில ஒரு அட்டையில 'பாட்டுக்கு வைத்தியம் இல்லை, லீக் இருந்தால் மட்டும் வரவும்'னு எழுதித் தொங்க விட்டுட்டாரு.

நான் ஓடி ஓடிப் பதிவு பண்ணேன். வீட்டுக்கு வீடு போன்ல பதிவு பண்ணேன், மேடம் குடுத்த நல்ல மைக்குல பதிவு பண்ணேன். எதுல பண்ணாலும், திரும்பப் போட்டுக் கேட்டா வெறும் உஸ்ஸு. ஆவிச் சத்தம். நேர்ல நின்னா பாட்டு, மெஷின்ல ஏறுனா ஆவி. ஒரு டிவிக்காரர் வந்தாரு, கேட்டாரு, தலையாட்டிக்கிட்டே போனாரு, ஆபீஸ்ல போய்ப் போட்டுப் பாத்துட்டு எனக்குப் போன் போட்டுத் திட்டுனாரு.

ரெஜினா மேடம் சொன்னாங்க, "கயல், நான் உன்னை நம்புறேன். ஆனா குக்கர்ங்கிற வார்த்தை நம்ம அறிக்கையில வரக்கூடாது."

"வேற என்னன்னு மேடம் எழுதறது?"

"எழுதாத. குருவியைப் பாரு."

பாத்தேன். சித்திரையில, கெழக்கு மலை அடிவாரத்துல கடைசி நாவமரத்துல, மாசியில பொறந்த குஞ்சு ஒண்ணு வால்கூட முழுசா வளராம உக்காந்து பாடிப் பழகிக்கிட்டு இருந்துச்சு. மொதல்ல மூணு சுரம், அதோட அப்பன் பாட்டு. அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, அஞ்சு சுரம். நாலு ஏறி, ஒண்ணு சறுக்கி. கூடவே இன்னொண்ணு. அதுக்கு மேல ஒண்ணு. தெனமும் மத்தியானம் ரெண்டாயிரம் குக்கரு வகுப்பு எடுத்ததுல கெழக்கு மலைக் குஞ்சுங்க பூராம் மேக்கு மலைப் பாட்டைப் படிச்சு வச்சிருந்துச்சுங்க. இனிமே மேக்கருந்து ஒரு ஆம்பளைக் குருவி வந்து பாடுனா இதுங்க திரும்பிப் பாக்கும். நான் மரத்தடியில உக்காந்து அழுதுட்டேன், சந்தோஷத்துலதான்.

அப்புறம் ஒரு மாசம் வலையைக் கட்டிக்கிட்டுக் காத்துக் கெடந்தேன். மேக்கருந்து ஒரு குருவி வரணும், நான் மாட்டுன வளையத்தோட ஒண்ணே ஒண்ணு வரணும். குக்கரு கூப்புட்டுக்கிட்டே இருக்கு, அதுங்க பாட்டுலயே கூப்புடுது, மேக்கு மலையில அம்புட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கிட்டு அடிவாரம் வரைக்கும் வந்து நிக்குறாங்க, நான் பைனாகுலர்ல பாக்குறேன், வந்து நின்னு கேக்குதுங்க, கேட்டுட்டு அப்பிடியே திரும்பிப் போயிருதுங்க. தெனமும். எனக்குப் பல்லைக் கடிச்சுக் கடிச்சுத் தாடை வலிச்சுப் போச்சு.

வைகாசியில குழு நேர்ல வருதுன்னு தகவல் வந்துச்சு, செவ்வாக்கெழமை பகல் பதினொண்ணுலருந்து ஒரு மணி வரைக்கும், ஏழு பேரு, தலைவர் பொன்னம்பலம் சார். மேடம் எப்பிடியோ பேசி வர வச்சிருந்தாங்க. நான் நேராப் போய் வீரசின்னம்மா அத்தைகிட்ட சொன்னேன், "அத்தை, அன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு ஊரு பூராம் பாடணும். அவங்க காதால கேக்கணும், குஞ்சுங்க அதே பாட்டைத் திருப்பிப் பாடுறதையும் கேக்கணும்."

அத்தை கண்ணு கலங்கிப் போய் என் கன்னத்தைத் தொட்டாங்க. "நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத. உன் காரியம் ஊர்க் காரியம். நான் பாத்துக்கிறேன்."

பாத்துக்கிட்டாங்க. அதுதான் பிரச்சனை. ஊர்க் காரியம்னு வந்துட்டா கூனிப்பாறையில ஊர்ச்சோறு போடுவாங்க, அண்டா வச்சு, ஊருக்கே ஒரே சமையல், அன்னைக்கு எந்த வீட்லயும் அடுப்பு எரியக்கூடாது. எரிஞ்சா அந்த வீடு ஊரை மதிக்கலைன்னு அர்த்தம், மூணு வருஷத்துக்கு அவங்களை ஊர்ச்சோத்துக்குக் கூப்புட மாட்டாங்க. செவ்வாக்கெழமை காலையில ஒம்போது மணிக்கு நான் வாய்க்காப் பக்கம் வர்றேன், மந்தையில பதினாறு அண்டா வரிசையா அடுப்பேறி இருக்கு, அத்தை கரண்டியோட நிக்குறாங்க, முகம் பூராம் பெருமை.

"அத்தை, என்ன இது?"

"ஊர்ச்சோறு, கயலு. ஏழு பேரு வர்றாங்க, நம்ம மருவாதி என்னாகுறது? ஒரு வீடு பாக்கியில்லாம அரிசி குடுத்திருக்காங்க உனக்காக."

"அத்தை, அண்டா பாடாது."

அத்தை அண்டாவைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, கரண்டியைப் பாத்தாங்க. சோறு பாதி வெந்திருந்துச்சு.

நான் வீடு வீடா ஓடுனேன். ஒரே ஒரு குக்கரு, வெறும் தண்ணி ஊத்தி வைங்க போதும்னு கெஞ்சுனேன். "எங்க மக பூப்புனித நீராட்டு வருதும்மா, ஊரு வராமப் போயிட்டா?" "உனக்காகத்தான அடுப்பை அணைச்சிருக்கோம், நீயே ஏத்தச் சொல்றியே." எல்லாரும் என் மேல பிரியமா இருந்தாங்க, ஒருத்தரும் அடுப்பைத் தொடலை. எங்கம்மாகூடத் தொடலை. நானே எங்க வீட்டு அடுப்பைப் பத்த வைக்கப் போனேன், எங்கம்மா சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டு மந்தைக்குப் போயிட்டாங்க.

பதினொரு மணிக்குக் குழு வந்துச்சு. நாவமரத்தடியில நாக்காலி. பன்னெண்டு ஆச்சு. கூனிப்பாறை அவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்லை, இலை விழுற சத்தம் கேக்குது, பொன்னம்பலம் சார் பேனா மூடியைத் தெறந்து மூடுற சத்தம் கேக்குது. பன்னெண்டரை. பாடம் நடத்த வாத்தியார் வராததால குஞ்சுங்களும் வாயைத் தெறக்கலை.

"ஊர்ல பேசிக்கிறாங்களே, இந்தக் குக்கர் விஷயம் என்னம்மா?"ன்னாரு பொன்னம்பலம் சார். நான் மேடம் சொன்னதை மறந்து எல்லாத்தையும் சொன்னேன். அவரு ரொம்ப மரியாதையாக் கேட்டாரு. அது இன்னும் எரிச்சலா இருந்துச்சு. சாப்புட்டாங்க, சாம்பார் நல்லா இருக்குன்னாங்க. ஊர்ச்சோறு சாப்புட்ட விருந்தாளி வெறுங்கையோட போகக்கூடாது, ஊர்க் கடையிலருந்து ஒரு பொருள் குடுக்கணும், இந்தத் தடவை மொறை ஜபருல்லா பாயோடது. பாய் ஏழு பேருக்கும் பொட்டலம் கட்டி ஆளுக்கு ஒரு குக்கர் வெயிட்டு குடுத்தாரு, புதுசு, மேல கடை போன் நம்பர் அச்சடிச்ச ஸ்டிக்கரோட.

"பாய், பெரிய ஆபீசருக்கு யாராச்சும் வெயிட்டு குடுப்பாங்களா?"

"எங்கிட்ட என்னம்மா இருக்கு? வெயிட்டு, கேஸ்கட். கேஸ்கட் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

ஒண்ணே பத்துக்கு ரெண்டு வண்டியும் கெளம்பிப் போயிருச்சு. ஊரு எலை எடுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் வலையைக் கழட்டக்கூட மனசில்லாம மரத்துல சாஞ்சு நின்னேன்.

ஒண்ணே நாப்பதுக்கு என் தலைக்கு மேல, நாலு சுரம் ஏறி, ஒண்ணு சறுக்குச்சு.

நிமிந்து பாத்தேன். கால்ல வளையம் மின்னுது. மேக்கருந்து மரம் மரமா, நெழல் நெழலா, ஊரை ஊடறுத்துக்கிட்டு வந்திருக்கு. கெழக்கு ஓரத்து மரத்துல உக்காந்து அது பாட, குஞ்சுங்கள்ல ஒண்ணு திருப்பிப் பாட, அது இன்னும் ரெண்டு கெளை எறங்கி வந்து நேரா என் வலையில விழுந்துச்சு. நம்பர் பதினொண்ணு எழுவத்து நாலு. நானே ரெண்டு வருஷம் முன்னாடி மேக்கு உச்சியில மாட்டுன வளையம்.

எலை எடுத்துக்கிட்டு இருந்த ஒச்சப்பண்ணே கிட்ட வந்து பாத்தாரு. "இம்புட்டு நாளா வராதது இன்னைக்கு ஏன் வந்துச்சு?"ன்னு அவருகிட்டயே கேட்டேன், வாய் தவறி.

"வாசல்ல ரெண்டாயிரம் மாப்ள நின்னு பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தா எவன்மா பொண்ணு கேட்டு வருவான்? இன்னைக்குத்தான் வாசல் காலியா இருக்கு."

எனக்குப் பிடரியில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. குக்கரு கூப்புடலை. குக்கரு வெரட்டியிருக்கு. குஞ்சுங்களுக்கு வாத்தியாரு, மேக்கு ஆம்பளைங்களுக்குப் போட்டிக்காரன். இம்புட்டு மரபணு படிச்சு, நாப்பது பக்கம் தட்டச்சு பண்ணி, குருவி தன் எல்லைக்குப் பாடும்னு மொத வருஷப் பாடத்துல இருக்குறதை நான் யோசிக்கலை.

குருவியைத் துணிப்பையில போட்டு, வளையத்தோட ஃபோட்டோ எடுத்திருக்கேன்னு சொல்ல பொன்னம்பலம் சாருக்குப் போன் போட்டேன். வண்டி மலை எறங்கிக்கிட்டு இருந்ததால நாலாவது தடவைதான் கெடைச்சுச்சு. பொன்னம்பலம் சார் பொறுமையாச் சொன்னாரு, "ஃபோட்டோ எங்க வேணும்னாலும் எடுத்திருக்கலாம்மா. வளையம் போட்டதும் நீ, புடிச்சதும் நீ, நோட்டுல எழுதுனதும் நீ. ஏழு பேரும் கண்ணால பாத்தாத்தான் செல்லும். அஞ்சு மணிக்குள்ள ஒரு கூண்டுல போட்டு மதுரைக்குக் கொண்டாந்துரு."

"சார், வைகாசி வெயிலு, மூணு மணி நேரம், இருபத்திரண்டு கிராம் சார்."

"விதி அப்பிடிம்மா."

துணிப்பை என் கையில இருந்துச்சு, உள்ள குருவி நெஞ்சு அடிக்கிறது என் உள்ளங்கையில தெரியுது. இதைக் கொண்டு போனா கோடு விழும். மதுரை போய்ச் சேர்றப்ப இது உயிரோட இருக்காது. மரம் தப்பிக்கும், முந்நூத்திப் பன்னெண்டும், ஆனா அதுல வந்த மொத ஆளு இதுதான், நூறு வருஷத்துல மொத ஆளு. மேடத்துக்குப் போன் பண்ணேன். மேடம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், "ரத்தம் ஒரு சொட்டு எடுத்துக்க. பையை எந்தப் பக்கம் வேணா தெறந்துக்க, நான் கேள்வி கேக்க மாட்டேன்"னாங்க.

கெழக்குப் பக்கமாத் தெறந்தேன். அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்காம போயிருச்சு.

ஆனியில வரைபடம் வந்துச்சு. மேக்கு மலை பச்சை, கெழக்கு மலை பச்சை, நடுவுல வெள்ளை. மரத்துக்கெல்லாம் செவப்புப் பெயிண்ட்ல நம்பர் போட்டுட்டுப் போனாங்க, ஒண்ணுலருந்து முந்நூத்திப் பன்னெண்டு வரைக்கும், நான் குருவிக்கு மாட்டுன மாதிரியே. அத்தை மூணு நாள் என் கண்ணுல படாம சந்து வழியாப் போனாங்க, நாலாவது நாள் வந்து, "நான்தான கெடுத்தேன்?"னு வாசல்ல நின்னாங்க. நான் ஒச்சப்பண்ணே சொன்னதைச் சொன்னேன். அத்தை யோசிச்சாங்க. அன்னைக்கே வார்டு வார்டா ஆள் விட்டுச் சொன்னாங்க, செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை பதினொண்ணுலருந்து ஒரு மணி வரைக்கும் யாரும் குக்கர் ஏத்தக்கூடாது, மாப்ள வர்ற நேரம். மத்த நாள் பூராம் பாடலாம், புள்ளைங்க படிக்கணும். ஊரு மொணங்குச்சு. மொணங்கிக்கிட்டே கேட்டுச்சு.

மரம் வெட்டத் தேதி குறிக்கலை, அதுவரைக்கும் வரட்டும்னு மேக்கருந்து குருவி வந்துக்கிட்டு இருந்துச்சு, வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு. நான் நம்பர் எழுதி எழுதி அனுப்புனேன். 'கோப்பு முடிக்கப்பட்டது'ன்னு பதில் வந்துக்கிட்டே இருந்துச்சு.

ஆடி மொத வாரம் பாய் கடைக்கு ஒரு போன். மதுரையிலருந்து ஒரு அம்மா. "அந்த வெயிட்டுல நம்பர் போட்டிருந்துச்சு. போன மாசம் பழைய வெயிட்டு தொலைஞ்சு இதைப் போட்டோம், அதுலருந்து குக்கர் பாடுது. எப்பிடி நிறுத்துறது?"

"நிறுத்த முடியாதும்மா. சோறு நல்லா வேகுதா?"

"வேகுது. அவருதான் சாப்புடாம எந்திரிச்சுப் போயிர்றாரு."

அடுத்த செவ்வாக்கெழமை பதினொண்ணரைக்கு பொன்னம்பலம் சார் தனியா, சொந்தக் கார்ல, ஆடிக் காத்துல தலைமுடி பறக்க வந்து எறங்குனாரு, கையில துண்டு சுத்துன மூணு லிட்டர் குக்கர். பாய் மூடியைத் தெறந்தாரு, கேஸ்கட்டைத் தடவிப் பாத்தாரு, வெயிட்டை ஊதிப் பாத்தாரு, திருப்பிக் குடுத்தாரு. "ரிப்பேர் பண்ண இதுல ஒண்ணுமில்ல சார்."

"அடுப்புல ஏத்திக் காட்டுங்க, உங்களுக்கே தெரியும்."

"செவ்வாக்கெழம சார். ஒரு மணிக்கு மேலதான்."

அவருக்குப் போக எடமில்லை, நாவமரத்தடிக்கு வந்தாரு. நான் வலைகிட்ட உக்காந்திருந்தேன். வாங்கன்னு சொன்னேன், எந்திரிக்கலை. அவரு குக்கரை மடியில வச்சுக்கிட்டு வாய்க்காக் கட்டையில உக்காந்தாரு. மரத்துல செவப்பு நம்பர் நூத்தி எண்பத்தாறு. ஊரு பேசலை.

பன்னெண்டு பத்துக்குப் பாடுச்சு.

அவரு படக்குன்னு குக்கர் மூடியைத் தெறந்து உள்ள பாத்தாரு. காலியா இருந்துச்சு. மூடியைக் கையில வச்சுக்கிட்டே மேல பாத்தாரு, பத்தடி ஒசரத்துல பதினொண்ணு எழுவத்து நாலு உக்காந்து தொண்டை புடைக்கப் பாடிக்கிட்டு இருக்கு, வளையத்துல வெயில் படுது. கெழக்கருந்து அதே அஞ்சு சுரம் திரும்பி வந்துச்சு. அப்புறம் அதுக்கும் அந்தப் பக்கத்துலருந்து இன்னொண்ணு.

"எங்க வீட்ல பாடுறது இதையா?"

"ஆமா சார்."

"நான் ஏதோ எனக்குக் காது கெட்டுப் போச்சுன்னு டாக்டர்கிட்ட போனேன்"னாரு. ரொம்ப நேரம் கழிச்சு கார்லருந்து வரைபடத்தை எடுத்துட்டு வந்து, குக்கரைக் கவுத்துப் போட்டு அது மேல விரிச்சு, சட்டைப் பையிலருந்து பென்சிலை எடுத்து மேக்கருந்து கெழக்க ஒரு கோடு இழுத்தாரு. காத்துல தாள் படபடத்து, கோடு நடுவுல வளைஞ்சிருச்சு.

"பேனா இல்லையா சார்?"

"பேனான்னா ஃபைலு ஏழு மேசை சுத்தணும்மா. பென்சில்னா நான் ஒருத்தன் போதும்."

அம்புட்டுத்தான். புறவழிச்சாலை நிக்கவும் இல்லை, வரவும் இல்லை. கெழக்கு மலையில பதினொண்ணு எழுவத்து நாலோட கூட்டுல மூணு முட்டை, மூணும் பொரிச்சுச்சு, மேடம் ரத்தம் பாத்துட்டு நடுராத்திரின்னும் பாக்காம போன்ல சிரிச்சாங்க. பென்சில் கோட்டைப் பேனாக் கோடா ஆக்க ஃபைலு மேசை மேசையா நகருது, எந்த மேசைக்குப் போகுதுன்னு தெரிஞ்சதும் பாய் அந்த ஆபீசர் வீட்டுக்கு ஒரு வெயிட்டு பொட்டலம் கட்டித் தபால்ல போடுவாரு, அப்பிடியே நாலு மேசை தாண்டிருச்சு. அஞ்சாவது மேசைக்காரர் கல்யாணம் ஆகாதவரு, மூணு வேளையும் மெஸ்ஸுல சாப்புடுறாரு, வீட்ல குக்கரே இல்லை. ஒச்சப்பண்ணே அவரு ஜாதகத்தைக் கேட்டு ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டாரு.

நானும் மாசத்துக்கு ஒரு தடவை அந்த ஆபீஸுக்குப் போறேன். ஒவ்வொரு தடவையும் பென்சில் கோடு போன தடவையவிட மங்கியிருக்கு, ஒவ்வொரு தடவையும் கிளார்க்கு டீ குடிக்கப் போற நேரம் பாத்து, அந்த வளைவையும் விடாம, மேல ஒரு தடவை அழுத்தி இழுத்துட்டு வர்றேன்.